பதினொன்றாவது எச்சரிக்கை

ஜனவரி 6, திங்கள்

மொசாம்பிக் மண்ணில் கால் வைத்தபோது காலை எட்டு மணி. திங்கட்கிழமை ராகு காலம். நம் ஊர் நேரத்துக்கு அப்போது பதினொன்றரை, எமகண்டம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் விளங்காது.

சத்துணவு மையத்தில் பதினெட்டு வருடம் பதிவேடு எழுதிய கை. ஒரு நாள் எழுதாவிட்டால் அரிக்கும். உரக்கடைக்காரன் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

தலைநகரத்து விமான நிலையத்தில் அவன் நின்றிருந்தான். என் மகளைக் கட்டிக்கொண்டவன். இளம்பரிதி என்று பெயர். "வாங்க அத்தை" என்றான். அத்தையாம். இவன் அம்மா பச்சையம்மாள் எங்கள் களத்தில் கூலிக்கு முந்திரி உடைத்தவள். பின்வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அவள் பிள்ளை இங்கே முந்திரி ஃபாக்டரியில் சூப்பர்வைசர், எனக்கு மருமகன். காலம் கெட்டுக் கிடக்கிறது. பெட்டியைத் தூக்க வந்தான். கொடுக்கவில்லை.

அங்கிருந்து இன்னொரு விமானம். டிக்கெட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் ஊர்ப் பெயரே தெரிந்தது. ××××. அதுவரை இந்துவும் வாய் திறக்கவில்லை. பெற்றவளுக்கே தெரியாமல் மகள் வாழும் ஊர்!

மூன்று வருடம் கழித்துப் பார்க்கிறேன். எட்டாம் மாதம். முகம் சுண்டிக் கிடக்கிறது. வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? அழுகை ஓய்ந்ததும் என் கையை எடுத்து அவள் வயிற்றின் மேல் வைத்தாள்.

"மாமாவுக்கு இந்த ஊர்ப் பேர் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணும்மா."

பண்ணினேன். நான் வந்ததே அவருக்குத் தெரியாது, காசிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றும் சொன்னேன். அது பொய். போக வர டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரே என் அண்ணன் தண்டபாணிதான். திரும்பும் டிக்கெட் இரண்டு, இந்துவின் பேரிலும் ஒன்று. 27ஆம் தேதிக்கு. தலைப் பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அதற்காகத்தான் கடல் தாண்டி வந்தேன்.

அண்ணன் ஒரு பேப்பரும் கொடுத்தார். ஏதோ ஒரு வெள்ளைக்கார அரசாங்கம் இந்த நாட்டைப் பற்றித் தன் ஜனங்களுக்குச் சொன்ன எச்சரிக்கை. பண்ருட்டி கம்ப்யூட்டர் சென்டரில் தமிழில் அடித்து வாங்கியிருக்கிறார். மொத்தம் பதினொன்று. கடைசி மட்டும் சிவப்பு எழுத்து: வடகோடியில் உள்ள காபோ டெல்காடோ மாகாணத்துக்கு எக்காரணம் கொண்டும் செல்லாதீர்கள்.

"ஒண்ணொண்ணா அவகிட்ட படிச்சுக் காட்டு. பயந்துகினு உன் பின்னாலயே வந்துடுவா" என்றார்.

ஜனவரி 7, செவ்வாய்

என் தட்டு, என் டம்ளர். அவன் வைத்த சாம்பாரைத் தொடவில்லை. நானே ஒரு பிடி பொங்கித் தின்றேன்.

ஜனவரி 9, வியாழன்

பக்கத்து வீட்டுக்காரி பெயர் அமேலியா. முகமெல்லாம் வெள்ளையாக எதையோ அப்பிக்கொண்டு பட்டப்பகலில் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். செய்வினைக்காரி என்றே நினைத்தேன். ஏதோ மரக்குச்சியைக் கல்லில் உரசிப் பூசுவதாம், முகம் பளபளப்பாக இருக்குமாம். நாம் மஞ்சள் பூசவில்லையா என்கிறாள் இந்து. மஞ்சளும் இதுவும் ஒன்றா?

சாயங்காலம் இளநீர் சீவி எடுத்து வந்தாள், எனக்கென்று. ஆறாவது எச்சரிக்கை: முன்பின் தெரியாதவர்கள் தரும் உணவையோ பானத்தையோ ஏற்காதீர்கள். சிரித்து வாங்கிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய் மரத்தடியில் ஊற்றினேன்.

"நீ ஊத்தனத அவங்க பாத்துட்டாங்கம்மா" என்றாள் இந்து.

"பாத்தா இன்னா?"

"ஒண்ணும் இல்ல. இந்தத் தெருவுல நான் வாந்தி எடுத்தப்பல்லாம் தலைய புடிச்சது அவங்கதான். அதான் சொன்னேன்."

நாளைக்குக் காரியம் ஆகவேண்டி இருந்தால் எவளும் தலையைப் பிடிப்பாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். புதுப் பானைக்காக அவன் காலையிலேயே சந்தைக்கு அலைந்து ஒரு மண்சட்டி கொண்டு வந்தான். பால் வடக்கே பொங்கியது. நல்லதுதான். அமேலியா வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். இந்து அவளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். வாங்கியவள் என் கண் எதிரிலேயே முழுதும் தின்று, விரலையும் நக்கினாள். என்னைக் குத்திக் காட்டத்தான்.

ஜனவரி 17, வெள்ளி

இன்று மானம் போன நாள்.

இந்துவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அவனுக்கு ஃபாக்டரி. நாங்கள் இரண்டு பேரும் ஷாப்பாவில் போனோம். ஷாப்பா என்றால் நம் ஷேர் வேன்தான், பத்துப் பேர் இடத்தில் இருபத்தைந்து பேர். நான்காவது எச்சரிக்கை: பங்கு வாகனங்களில் செல்லாதீர்கள், திருட்டு அதிகம். இந்துவைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான். நான் நின்றேன். பாஸ்போர்ட் இருக்கும் பை தோளில்.

அடுத்த வளைவில், சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு கட்டை குட்டையான பொம்பளை என் பையை வெடுக்கென்று பிடுங்கினாள். "ஐயோ திருடி! புடிங்க!" என்று கத்தினேன். கத்தியதோடு விட்டேனா, அவள் கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். வேன் நின்றது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். அந்தப் பொம்பளை பையை மடியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறாள். அப்போதுதான் பார்த்தேன். நின்றிருந்தவர்களின் பைகள் இரண்டு ஏற்கெனவே அவள் மடியில் இருந்தன, ஒரு கைக்குழந்தையும்.

கடலூர் டவுன் பஸ்ஸில் நானே எத்தனை பேர் பையை மடியில் வாங்கி வைத்திருக்கிறேன். அது நினைவுக்கு வரவில்லை, பேப்பர்தான் வந்தது. இந்து அவளிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அவள் தலையை ஆட்டிவிட்டு, இறங்கும்வரை என் பையை மடியிலேயே வைத்திருந்து கொடுத்தாள். சிரிக்கவில்லை. கை சிவந்திருந்தது.

திரும்பும்போது போலீஸ்காரன் ஒருவன் வேனை மறித்து, என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, குளிர்பானம் குடிக்கக் காசு கேட்டான். ஏழாவது எச்சரிக்கை. அது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் நம் தாலுகா ஆபீசில் இதைவிட அதிகாரமாகக் கேட்பார்கள்.

ஜனவரி 20, திங்கள்

அண்ணன் தினமும் போன் செய்கிறார். இந்து தூங்கும் நேரம் பார்த்துக் கொல்லையில் நின்று பேசுகிறேன்.

"எந்த ஊருன்னு கேட்டா சொல்லவே மாட்டேங்கறியே அஞ்சலை."

"வாயிலயே நொழையலண்ணா. நம்ம ஊரு பேரா இது."

"சரி உடு. 27ந் தேதி பத்திரமா கூட்டிகினு வந்துடு. நடந்தது நடந்துபோச்சு. என் கோமதி மாதிரி பாத்துக்குவேன் அவள."

கோமதி அண்ணனின் ஒரே மகள். ஆறு வருடம் முன்னால் வயிற்றுவலியில் போய்ச் சேர்ந்தாள். இவருக்கா பாசம் இல்லை? என் வீட்டுக்காரர் போனபோது இந்துவுக்கு ஒன்பது வயது. எனக்குச் சத்துணவு வேலையை வாங்கிக் கொடுத்தது யார், அவளைக் கல்லூரி வரை படிக்க வைத்தது யார்? அவர் போட்ட சோறு இன்னும் என் உடம்பில் இருக்கிறது.

சாயங்காலம் பேப்பரை எடுத்து இந்துவிடம் ஒவ்வொன்றாகப் படித்தேன். கடத்தல், கலவரம், கொசு, காலரா. அவள் பயப்படுவாள் என்று பார்த்தால், துணி மடித்துக்கொண்டே "ம்" கொட்டினாள். பதினொன்றும் முடிந்ததும், "எனக்கு இங்க ஒரு தடவ மலேரியா வந்துது, ஒரு தடவ செல்போன் போச்சு. மூணு வருசத்துல அவ்ளோதாம்மா" என்றாள்.

ஜனவரி 22, புதன்

தெரிந்துவிட்டது.

பிள்ளை மருந்து எங்கே என்று என் பையைத் துழாவியவள் கையில் டிக்கெட் அகப்பட்டுவிட்டது. அவள் பெயர், அவள் வயது, எல்லாம் அச்சடித்து இருக்கிறதே. நான் குளித்துவிட்டு வரும்போது கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு எடுத்துக் குடுத்தது?"

துண்டால் தலையைத் துவட்டினேன்.

"யாரும்மா?"

"உன் தாய்மாமன்தான்டி. வேற யாரு செய்வா? கோவத்த எல்லாம் மறந்துட்டு கூப்புடறாரு. ஊரு முழுக்க அழைச்சி வளைகாப்பு பண்றேன்றாரு. நீயும் முகத்த திருப்பிகினா எப்டி?"

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

"கோமதி அக்காவையும் இப்டிதான் கூப்புட்டாரு. 'அந்தப் பையனுக்கே கட்டி வெக்கறேன், வந்துடும்மா'ன்னு. நம்பி வந்தா. ஒம்போது நாள் உசுரோட இருந்தா."

"அவளுக்கு வயித்துவலிடி. டாக்டர் சர்டிபிகேட்டு இருக்குது."

"சரி. குளிப்பாட்டனது யாரு? நீதான? நீ சொல்லு, வயித்துவலின்னு."

அடுப்பில் பால் வைத்திருந்தேன். பார்க்கப் போய்விட்டேன்.

அவன் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் உள்ளே பேசினார்கள். வெளியே வந்து என்னை அடித்துத் துரத்துவான் என்றே காத்திருந்தேன். அடிக்கட்டும், நானும் இரண்டு கேட்கலாம் என்று நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன். அவன் என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒன்றுதான் கேட்டான்.

"ஊர்ப் பேர் சொல்லிட்டீங்களா அத்தை?"

"வயித்து மேல சத்தியம் பண்ணியிருக்கேன். நான் ஒண்ணும் சத்தியம் தவறுன குடும்பம் இல்ல."

"அது போதும்" என்று எழுந்து போய்விட்டான். வாசல் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். இவ்வளவு உயரமான ஆம்பளைக்கு என்ன பயம் என்று புரியாத மாதிரியே இருந்துவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

அண்ணன் கொடுத்த எச்சரிக்கைப் பேப்பர் என் தலையணை மேல் கிடந்தது. பின்பக்கத்தில் இந்து பேனாவால் எழுதியிருக்கிறாள். கிழித்துப் போட நினைத்தேன். கை வரவில்லை. ஆகையால் இங்கே எழுதி வைக்கிறேன்:

'பண்ருட்டி வட்டம், என் அம்மா ஊர். எக்காரணம் கொண்டும் செல்லாதீர்கள். சொந்தக்காரர்கள் அன்பாகக் கூப்பிட்டால் நம்பாதீர்கள். தோப்பு பம்புசெட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாகப் போகாதீர்கள். மாமா கையால் எதையும் வாங்கிக் குடிக்காதீர்கள். உதவி என்று கத்தினால் ஊரே கதவைச் சாத்தும். இந்த எச்சரிக்கையை எந்த அரசாங்கமும் வெளியிடவில்லை.'

திமிர் பிடித்தவள். கோமதி வயிற்றுவலியில்தான் இறந்தாள்.

ஜனவரி 27, திங்கள்

விமானம் போயிருக்கும். டாக்டர் பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் என அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை சொன்னார். அதை என் மகளைப் பற்றிச் சொன்னார். இதில் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

கொடியில் காயப்போட்ட என் பச்சைச் சுங்குடிப் புடவையை எவளோ அடித்துக்கொண்டு போய்விட்டாள். ஐந்தாவது எச்சரிக்கை. நாசமாய்ப் போக. மின்சாரமும் இல்லை. இந்த ஊருக்கு ×××× என்று பெயர் வைத்ததற்குப் புழுக்கம் என்று வைத்திருக்கலாம்.

அவன் வைத்த சாம்பாரை இன்று ஊற்றிக்கொண்டேன். இந்துவால் எழுந்து நிற்க முடியவில்லை, எனக்குக் கால் வீக்கம், வேறு வழி இல்லை. உப்பு அதிகம்.

பிப்ரவரி 19, புதன்

உட்கார்ந்து எழுதத் தெம்பு இல்லை. ஆனால் இதை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

காலை பத்து மணிக்கு இந்துவுக்கு இடுப்புவலி எடுத்தது. அவன் ஃபாக்டரி காரை ஓட்டி வந்தான். நான் கூப்பிடவே இல்லை, அமேலியா தானாகவே ஏறி, பின் சீட்டில் இந்துவின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். பாதி வழியில் புகை. ரோட்டுக்குக் குறுக்கே டயர் எரிகிறது, மரம் வெட்டிப் போட்டிருக்கிறது, நாற்பது ஐம்பது ஆம்பளைகள் கையில் தடி. ஏதோ அரசியல் தகராறு. மூன்றாவது எச்சரிக்கை: சாலை மறியலைக் கண்டால் உடனே திரும்பிவிடுங்கள். திரும்பினால் வீடுதான் இருக்கிறது, ஆஸ்பத்திரி இல்லை. வயிற்றில் இருப்பது இந்தப் பேப்பரைப் படித்துவிட்டா வருகிறது?

ஒருவன் என் பக்கத்துக் கண்ணாடியில் தடியால் தட்டினான். கண்ணெல்லாம் சிவப்பு. கையில் வெந்நீர் பிளாஸ்க் வைத்திருந்தேன். மூடியைத் திருகித் தயாராக வைத்துக்கொண்டேன். முகத்தில் ஊற்றிவிடுவேன். அப்போது அமேலியா தலையை வெளியே நீட்டிப் பேச ஆரம்பித்தாள். பாஷை தெரியாவிட்டால் என்ன, வசவு எந்த பாஷையிலும் வசவுதானே. சத்துணவு அரிசியைத் திருடியவனை நான் திட்டியது எல்லாம் அதன் முன்னே தாலாட்டு.

தடிக்காரன் உள்ளே குனிந்து இந்துவைப் பார்த்தான். என்னைப் பார்த்து ஏதோ கேட்டான்.

"முதல் புள்ளயான்னு கேக்கறான் அத்தை. நீங்கதான் அம்மாவான்னும் கேக்கறான்."

"ஆமான்னு சொல்லு. சீக்கிரம் வழிய உடச் சொல்லு."

தடிக்காரன் திரும்பிக் குரல் கொடுத்தான். எட்டுப் பேர் சேர்ந்து மரத்தை இழுத்தார்கள். எரியும் டயரை ஒருவன் கம்பியால் தள்ளினான். நாங்கள் தாண்டியதும் மரத்தைத் திரும்பப் பழைய இடத்தில் போட்டுவிட்டார்கள். போகும்போது அந்தத் தடிக்காரன் என் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டான். அதையும் எழுத வேண்டும், அவன் ஒன்றும் தெய்வம் இல்லை.

பகல் 2.40க்குப் பெண் குழந்தை. நர்ஸ் சொல்லும் முன்னாலேயே உள்ளங்கையில் பேனாவால் நேரத்தை எழுதிக்கொண்டேன். ஜாதகம் பிசகக் கூடாது.

பிப்ரவரி 22, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். குழந்தையை இன்று நான்தான் குளிப்பாட்டினேன். காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் போட்டு, வெந்நீர் ஊற்றினேன். அமேலியா பக்கத்தில் குந்தி, குழந்தையின் பிடரியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். கழுத்து நிற்காது அல்லவா.

நான் எண்ணெயை எடுத்து அந்தக் கழுத்தில் விரலை வைத்தேன். வைத்ததும் வேறொரு கழுத்து ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். மஞ்சள் கொஞ்சம் அதிகமாகப் பூசு, கழுத்து வரைக்கும் பூசு என்று அண்ணன் கதவுக்கு வெளியே நின்று சொன்னார்.

இதற்கு மேல் எழுதவில்லை. சொம்பு கை தவறி விழுந்தது. மீதியை அமேலியா குளிப்பாட்டினாள்.

பிப்ரவரி 24, திங்கள்

அண்ணன் போன். பேத்தி பிறந்ததை நேற்றே சொல்லியிருந்தேன். அவர் குரலில் தேன் வழிந்தது.

"பேத்தி பொறந்த சந்தோசம் போன்ல உன் சத்தத்திலயே தெரியுதே. ஜோசியர ஊட்டுக்கே வரவெச்சுட்டேன். பொறந்த நேரம் சொல்லு, பொறந்த ஊர் சொல்லு, ஜாதகம் எழுதிடலாம்."

நான் நேரத்தைச் சொன்னேன். 2.40.

"ஊரு?"

"எதுக்குண்ணா ஊரு?"

"ஊர் இல்லாம லக்னம் எப்டி போடுவான்? நீ ஒண்ணும் கவலப்படாத அஞ்சலை. முப்பதாம் நாளு நானே வரேன். நமக்கு அங்கேர்ந்துதான முந்திரி லோடு வருது. துறைமுகத்துல நம்ம ஏஜென்ட்டு இருக்கான், காரோட வருவான். புள்ள, தாயி, நீ, மூணு பேரையும் கூட்டிகினு வந்துடறேன். கொலதெய்வத்துக்கு மொதல்ல முடி எறக்கணும்."

"மாப்ள?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. அந்த வார்த்தையை அவனுக்கு நான் வைத்ததே இல்லை.

அண்ணன் சிரித்தார். "அவனையும் கூட்டிகினு வரலாம். என் கோமதிக்குச் சொன்ன மாதிரிதான் சொல்றேன். ஒண்ணும் ஆவாது."

கொல்லையில் வெயில் கொளுத்தியது. கொடியில் குழந்தைத் துணி. வேலிக்கு அந்தப் பக்கம் அமேலியா குச்சியை உரசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய் அந்தப் பேப்பரை எடுத்து வந்தேன்.

"அண்ணா, நீங்க குடுத்தீங்களே ஒரு பேப்பரு, உங்க கையில ஒரு காப்பி இருக்குதா?"

"இருக்குது. இன்னா இப்போ?"

"அதுல பதினோராவது பாருங்க. செவப்பு எழுத்து. காபோ டெல்காடோ. அங்கதான்ணா இருக்கறோம். அவனுக்கு அங்க மாத்தலாயிடுச்சு. புள்ள பொறந்தது அங்கதான்."

நான் விடவில்லை. பேப்பரைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். "ரோட்டுக்கு ரோடு டயரு எரியுது. வேன்ல ஏறுனா பைய புடுங்கறாங்க. எவளோ இளநி குடுத்தா, குடிச்சிட்டு ரெண்டு நாள் நெனவே இல்ல. அடுத்த தெருவுல துப்பாக்கியோட திரியறாங்க. நீங்க வராதீங்க அண்ணா. உங்க ஏஜென்ட்டையும் அனுப்பாதீங்க, அவன் புள்ளகுட்டிக்காரன். என்னாலயும் வர முடியாது. ஏர்போர்ட்ட மூடிட்டாங்க. போன் டவரையும் புடுங்கறாங்களாம். இதான் கடைசி போனு."

"பொய் சொல்றியா அஞ்சலை?"

"கவர்மெண்டு பொய் சொல்லுமா அண்ணா?"

வைத்துவிட்டேன். சிம் கார்டைக் கழற்றி அம்மிக்குப் பதில் இங்கே வைத்திருக்கும் மர உரலில் போட்டு இடித்தேன். அமேலியா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். எதற்கென்று கேட்கவில்லை. ஓர் இளநீரைச் சீவி நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

என் பேத்தியின் ஜாதகத்தை அங்கே ஒருவன் அவள் பிறக்காத ஊருக்குக் கணித்துக்கொண்டிருப்பான். லக்னம் தப்பும், தசை தப்பும், ஒன்றும் பலிக்காது. பலிக்காமலே போகட்டும். ஜாதகத்தில் பொய் சொன்னால் ஏழு பிறவிக்குப் பாவம் என்று நம்புகிறவள் நான். இன்றும் நம்புகிறேன்.

பிறகு உட்கார்ந்து இந்த டைரியில் எங்கெல்லாம் இந்த ஊர்ப் பெயர் இருக்கிறதோ அங்கெல்லாம் மையால் அடித்தேன். தாளின் பின்பக்கம் தடம் தெரிகிறதா என்றும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

வயிற்றுவலி என்று நான் எழுதிய இடங்களையும் அடிக்கலாம் என்று பேனாவைக் கொண்டு போனேன். அப்படியே விட்டுவிட்டேன். என் கையெழுத்தில் நான் எழுதிய பொய், எல்லாருக்கும் தெரியும்படி இருக்கட்டும்.

கோமதிக்கு வயிற்றுவலி இல்லை.